அப்பா கை

பிப்ரவரி 21
வலையில சிக்குன உடைஞ்ச பாட்டில எடுக்கப் போயி அப்பாவுக்கு வலது மணிக்கட்டுல வெட்டு. பாம்பன் கரைக்கு வந்ததும் தையல் போட்டு அனுப்பிட்டாங்க. விரல தொட்டு உணர்ச்சி இருக்கான்னு ஒருத்தரும் கேக்கல.

ஏப்ரல் 3
டீ கிளாஸ பிடிச்சுட்டே இருந்துருக்காரு, ஆள்காட்டி விரல்ல கொப்புளம் வந்தப்புறம்தான் பாத்தோம், அவருக்கு சுட்டதே தெரியல. கட்டைவிரல் மேடும் வத்திப் போச்சு. மதுரைக்கு கூட்டிட்டுப் போனா மீடியன் நரம்பே அறுந்துருக்குங்கிறாங்க. கட்டைவிரல்ல இருந்து மோதிர விரல் பாதி வரைக்கும் உணர்ச்சிக்கு அதுதான். அன்னைக்கே பாத்துருந்தா நேரா சேத்து தச்சுருக்கலாமாம். எனக்கு ஆத்திரம் ஆறவே இல்ல.

ஏப்ரல் 18
மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி நாலாம் நாள், இன்னைக்கு ஆபரேஷன். அறுந்த நரம்பு முனையில இருந்த தழும்பு முடிச்ச வெட்டி எடுத்ததுல 4 செ.மீ. இடைவெளி. இழுத்துத் தச்சா சரியா வளராது, அதனால கெண்டைக்கால் பின்னாடி ஓடுற சூரல் நரம்புல இருந்து முக்கால் சாண் எடுத்து நாலு துண்டாக்கி பக்கத்துல பக்கத்துல வச்சு மைக்ராஸ்கோப்ல பாத்து முடிய விட மெல்லிசான நூலால தச்சுருக்காங்க. வியன்னா டாக்டர் ஹானோ மில்லெசி 1972ல எழுதுன முறைன்னு படிச்சேன். அப்பா கேட்டது ஒண்ணுதான், "கயித்துல பிரி போட்ட மாதிரியா?" டாக்டர் ஆமான்னாரு.

மே 2
வச்ச நரம்பு தானா வேலை செய்யாது, வெறும் பாதைதான், மேல இருந்து புது இழை அதுக்குள்ள வளந்து வரணும், ஒரு நாளைக்கு சுமாரா 1 மி.மீ. கால்ல நரம்பு எடுத்ததால பாதத்தோட வெளி ஓரம் மரத்துப் போச்சு, சிப்பி கிழிச்சாலும் தெரியாது. செருப்பில்லாம கரையில இறங்காதீங்கப்பான்னு தினம் சண்டை.

ஜூலை 20
மணிக்கட்டுக்கு கீழ உள்ளங்கை ஆரம்பத்துல விரலால தட்டுனா நடுவிரலுக்கு கரண்ட் மாதிரி ஓடுதாம்! போன மாசம் தட்டுனப்ப தழும்புக்கு மேலயே நின்னுச்சு. புது இழை அதுவரைக்கும் வந்துருச்சுன்னு பேனாவால புள்ளி வச்சுருக்கேன்.

நவம்பர் 9
வெளிய மழை. கட்டைவிரல் மேடு இன்னும் ஒட்டித்தான் கிடக்கு, நரம்பு வந்து சேர சதை ஒன்றரை வருசத்துக்கு மேல காத்திருக்காதுன்னு சொன்னது உள்ளுக்குள்ள அரிச்சுட்டே இருக்கு. கண்ண மூடச் சொல்லி ஆள்காட்டி விரல் அடியில நைலான் வலையையும் தடிக்கயிறையும் மாத்தி மாத்தித் தேச்சேன், இதுவும் ஒரு பயிற்சிதான். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "எதுன்னு சொல்லத் தெரியல தாயி, ஆனா ஏதோ ஊருது"ன்னாரு.