கிரீஸ் டப்பால இருக்குற அந்த 2

சிங்கப்பூர் துவாஸ்ல மெயின்டனன்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, லித்தியம் கிரீஸ் இருந்த மோட்டார் பேரிங்ல பாலியூரியா கிரீஸ அடிச்சுட்டேன், ரெண்டு டப்பாலயும் 2ன்னுதான் போட்டிருந்துச்சு, ஒண்ணுதானேன்னு நெனச்சேன். கொஞ்ச நாள்ல ரெண்டும் சேராம இளகி வழிஞ்சு பேரிங்கே போச்சு. "தம்பி, அந்த 2 கெட்டித்தன்மை மட்டும்தான், உள்ள என்ன திக்கனர்னு, அதாவது எண்ணெய கெட்டியாக்குற பொருள் லித்தியமா பாலியூரியாவான்னு, தனியா பாக்கணும்"னு சீனியர் அண்ணன் அப்பதான் சொல்லிக்குடுத்தாரு.

அந்த நம்பர் கவர்மெண்ட் சட்டம் இல்லீங்க. 1933ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச என்எல்ஜிஐங்குற கிரீஸ் தொழில் சங்கம் வகுத்தது. 000லேருந்து 6 வரைக்கும் 9 கிரேடு, 25 டிகிரி செல்சியஸ்ல ஒரு கூம்ப கிரீஸ்ல விட்டு எவ்ளோ ஆழம் எறங்குதுன்னு அளக்குறாங்க, 26.5லேருந்து 29.5 மில்லிமீட்டர்னா அது 2. மார்க்கெட்ல அடிச்சுக்குற கம்பெனிங்களே ஒரே அளவுக்கு ஒத்துக்கிட்டாங்க பாருங்க, அதனாலதான் எந்த நாட்டு டப்பா சிங்கப்பூர் வந்தாலும் நமக்குப் புரியுது. சங்கம்னா வருஷத்துக்கு ஒரு டின்னர்னு நெனச்சிருந்தேன், ரொம்ப தப்பு.

திக்கனர் பேரையும் அதே மாதிரி டப்பா முன்னாடி பெருசா போட வச்சா எவ்ளோ நல்லா இருக்கும்! ஜூரோங் தீவுல ஆலைய நிறுத்திப் பண்ற ஷட்டவுன் வேலைக்குப் போற தம்பிங்களா, கிரீஸ் கன்ன எடுக்குறதுக்கு முன்னாடி டேட்டா ஷீட்ட ஒரு தடவ பாத்துருங்கப்பா.