வழுக்கும் மூடி

ஊறுகாய் பாட்டில் இன்று திறக்கவே இல்லை. எண்ணெய்க் கை வேறு.

அம்மா வந்தார். மூடியின் விளிம்பில் இருந்த சின்ன இடுக்கில் கரண்டிக் காம்பை விட்டு நெம்பினார். டப்!

எனக்குக் கேராஸ் (KRAS) ஞாபகம் வந்தது. மரபணுப் பிழையால் பிறழ்ந்துபோனால் புற்றுநோயைத் தூண்டும் புரதம். வழவழப்பானது, மருந்து பிடித்துக்கொள்ள ஒரு குழிகூட இல்லை என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கைவிரித்திருந்தார்கள்.

2013இல் கலிஃபோர்னியாவில் கெவன் ஷோகாட் குழு ஒரு இடுக்கைக் கண்டுபிடித்தது. புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி; பிறழ்வால் அதன் 12ஆம் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் போய் சிஸ்டீன் என்ற வேறொன்று வந்துவிட்ட கேராஸ் அது. அந்த சிஸ்டீனின் கந்தகத்தில் மூலக்கூறைக் கொக்கி போட்டு மாட்டினார்கள். பக்கத்தில் மறைந்திருந்த குழி தெரிந்தது. நோயைத் தந்த பிழையே பிடியும் தந்திருக்கிறது, பாருங்கள்.

2021இல், அந்தக் குழியில் மாட்டிக்கொள்ளும் சோட்டோராசிப் என்ற மருந்து, அந்தப் பிறழ்வுள்ள நுரையீரல் புற்றுநோய்க்கு, அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அம்மாவிடம் சொன்னேன்.

"சரி, கரண்டியைக் கழுவி வை."