சிலிக்குப் பனியன் அனுப்ப ஒரு சான்றிதழ்

சிலி நாட்டு பையர் ஆர்டரை உறுதி செய்த கையோடு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இந்தியா-சிலி வரிச்சலுகை ஒப்பந்தத்தின்படி வாங்கிய சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஒரிஜின், அதாவது பொருள் இந்தியாவில் தயாரானது என்பதற்கான சான்றிதழ், சரக்கோடு வந்தாக வேண்டும். அவர் கேட்டது நியாயம். சிலியில் பொதுவான இறக்குமதி வரி 6 சதவீதம். அதற்கு மேல் 19 சதவீத விற்பனை வரி, இறக்குமதி வரியையும் சேர்த்த தொகையின் மீது கணக்காகிறது. 2007 முதல் நடப்பில் இருந்து, 2017 மே மாதம் விரிவாக்கப்பட்ட ஒப்பந்தத்தில் சிலி சுமார் 1,800 வகைப் பொருட்களுக்கு அந்த 6 சதவீதத்தில் 30 முதல் 100 சதவீதம் வரை தள்ளுபடி தருகிறது. திருப்பூர் லாபக் கணக்கில் இது சின்னத் தொகை இல்லை.

எங்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. டிசம்பரில் அங்கே கோடை. ஐரோப்பாவுக்கான கோடை ஆர்டர்கள் முடிந்து மெஷின்கள் காத்திருக்கும் மாதங்களில் சிலிக்கான வேலை வந்து சேர்கிறது.

முதலில் எச்.எஸ். எண்ணை, அதாவது சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் குறியீட்டை, உறுதி செய்தோம். ஆறு இலக்கம் வரைதான் இரு நாட்டுக்கும் பொது. அதற்குப் பிறகு அவர்கள் பிரிப்பது வேறு. அதனால் பையரின் சுங்க முகவரிடமிருந்தே சிலியின் எட்டு இலக்கத்தை எழுத்தில் வாங்கி, அதன் பிறகே சலுகைப் பட்டியலைப் பார்த்தோம்.

டிஎஸ்சி டோக்கனை (டிஜிட்டல் கையெழுத்துக்கான சாதனம்) கணினியில் செருகி அரசின் இணையதளத்தில் பதிவு செய்வது சுலபம். மெனக்கெட வேண்டியது காஸ்ட் ஷீட் என்ற செலவுக் கணக்கில்தான். விலையில் குறைந்தது 40 சதவீத மதிப்பு இங்கே சேர்ந்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருள் எதையாவது பயன்படுத்தியிருந்தால் அதன் எச்.எஸ். எண்ணின் முதல் நாலு இலக்கமும் தயாரிப்பில் மாறியிருக்க வேண்டும். நூல், நிட்டிங், சாயம், தையல் எல்லாம் இங்கேயே என்பதால் எங்களுக்குக் கவலை இல்லை. ஆனால் ரிப் துணியில் கொஞ்சம் எலாஸ்டேன் (இழுத்தால் நீளும் நூல்) இருந்தது. “இது எங்கே வாங்கியது?” என்று கேள்வி போட்டு விண்ணப்பத்தை நிறுத்தினார் அதிகாரி. நூல் வியாபாரியின் பில்லும், அந்த நூல் ஒரு பீஸில் எத்தனை கிராம் என்ற கணக்கும் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. அவர் கேட்டதில் தப்பே இல்லை. அந்தத் தாளை நம்பித்தான் சிலி சுங்கம் வரியைக் குறைக்கிறது.

சரக்கு தூத்துக்குடியிலிருந்து கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறியது. வழியில் கப்பல் மாறலாம், ஆனால் சரக்கு அந்த நாட்டுச் சந்தைக்குள் போகக் கூடாது. ஆகவே தூத்துக்குடி முதல் சிலியின் சான் அந்தோனியோ துறைமுகம் வரை ஒரே பி.எல். (கப்பல் சரக்கு ரசீது) எடுத்தோம். இன்வாய்ஸ், பி.எல்., சான்றிதழ் மூன்றிலும் பையர் பெயரும் அவருடைய வரி எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று எங்கள் சுங்க முகவரான சிஎச்ஏவுடன் உட்கார்ந்து சரிபார்த்தோம். அங்கே சலுகை வரியிலேயே சரக்கு வெளியே வந்தது.

2025-இல் அப்போதைய சிலி அதிபர் போரிச் டெல்லி வந்து போன பிறகு, இன்னும் விரிவான ஒப்பந்தத்துக்குப் பேச்சு தொடங்கியது. அதில் தாமிரமும் லித்தியமும்தான் முன்னால் நிற்கின்றன. பின்னலாடை முழுவதற்கும் வரி பூஜ்யமாக வேண்டும் என்பதை நம் ஏற்றுமதியாளர்கள் இப்போதே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். கையெழுத்தான பிறகு பட்டியலில் ஒரு பொருளைச் சேர்ப்பது லேசில்லை.