.45 கூட்டில் ஒளிந்திருக்கும் சின்னக் குழி

மறுபடி தோட்டாவாக நிரப்பலாம் என்று இங்கே டெக்சாஸில் சுடுதளத்தில் பொறுக்கி வந்த .45 ஏசிபி (கைத்துப்பாக்கித் தோட்டா வகை) காலி பித்தளைக் கூடுகளைப் பிரித்துப் பார்க்காமல், தோட்டா நிரப்பும் பிரஸ்ஸில் போட்டது என் தப்புதான். இருபதாவதோ என்னவோ, கைப்பிடி பாதியில் நின்றுவிட்டது. நல்லவேளை, அழுத்தித் தொலைக்கவில்லை. கூட்டின் அடிக்குழியில் பொருத்துகிற, அடித்தால் பற்றி மருந்தைக் கொளுத்தும் சின்ன மூடிதான் பிரைமர். .45க்கு வழக்கமாக 0.210 அங்குல லார்ஜ் பிஸ்டல் பிரைமர்தான், ஆனால் 0.175 அங்குல ஸ்மால் பிஸ்டலுக்குக் குழி வைத்த கூடுகளும் வருகின்றன, பக்கவாட்டில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். 9 எம்எம், .38 ஸ்பெஷலில் இந்தத் தலைவலி இல்லை, ஸ்மால்தான். அப்புறம், லார்ஜ் ரைபிள் பிரைமரும் அதே அகலம்தானே என்று கைத்துப்பாக்கிக் கூட்டில் போடாதீர்கள். உயரம் கூடுதல், வெளியே துருத்தி நிற்கும். இப்போதெல்லாம் டிவி பார்த்துக்கொண்டே கூடுகளைக் கவிழ்த்துப் பிரிக்கிறேன், அந்தச் சத்தம்தான் மனைவிக்குப் பிடிக்கவில்லை.