வெள்ளிக்கும்தான் காந்தப்புலம் இல்லை: கோள் வளிமண்டலத் தாளுக்கு நான் படித்த விதம்

எம்.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் செமஸ்டரில் கோள் அறிவியலை விருப்பப் பாடமாக எடுத்தேன். கணக்கு குறைவு, கதை அதிகம் என்று சீனியர்கள் சொன்னதை நம்பித்தான் எடுத்தேன். முதல் இன்டர்னலில் 25க்கு 9. "செவ்வாய் தன் வளிமண்டலத்தை ஏன் இழந்தது?" என்ற கேள்விக்கு, காந்தப்புலம் போய்விட்டது, சூரியக் காற்று (சூரியனிலிருந்து வீசும் மின்னூட்டத் துகள்கள்) எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: "வெள்ளிக்கும்தான் காந்தப்புலம் இல்லை. அங்கே மட்டும் எப்படி பூமியைப் போல் 92 மடங்கு அழுத்தம்?"

இரண்டு நாள் புரட்டியும் பதில் கிடைக்கவில்லை. வெள்ளி ஒரு அத்தியாயம், செவ்வாய் ஒரு அத்தியாயம் என்று தனித்தனியாகப் படித்தால் அந்தக் கேள்வியே கண்ணில் படாது. அப்புறம் ஒரு பழைய நோட்டில் மளிகைக் கணக்கு மாதிரி வரவு, செலவு, இருப்பு என்று கோடு போட்டேன். வரவில் எரிமலை கக்கும் வாயுக்கள், வந்து மோதிய சிறுகோள்களும் வால்மீன்களும் கொண்டுவந்தவை. செலவில் விண்வெளிக்குத் தப்பிப் போவது. இருப்பு என்பது காற்றில் இருப்பது மட்டுமில்லை, பாறைக்குள் அடைபட்டிருப்பதும்தான். மூன்று கோள்களுக்கும் ஒரே பக்கம்.

செலவிலிருந்து தொடங்குங்கள், மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. கோளின் ஈர்ப்பை விட்டு ஓடத் தேவையான விடுபடு வேகம் பூமிக்கு 11.2, வெள்ளிக்கு 10.4, செவ்வாய்க்கு 5 கி.மீ./நொடி. வாயு மூலக்கூறின் சராசரி வேகத்தைவிட இது 6 மடங்காவது இருந்தால் அந்த வாயு கோடிக்கணக்கான ஆண்டுகள் தங்கும் என்பது தோராய விதி. இங்கே நான் வழுக்கியது வெப்பநிலையில். தரையின் 288 கெல்வினைப் போட்டேன். ஹீலியம் பூமியில் பத்திரமாகத் தங்கும் என்று வந்தது. ஆனால் வாயு தப்பிப்பது தரையிலிருந்து இல்லை, வளிமண்டலத்தின் உச்சியிலிருந்து. அங்கே சுமார் 1000 கெல்வின். அதைப் போட்டால் ஹீலியத்தின் வேகம் நொடிக்கு 2.5 கி.மீ., விகிதம் 4.5. விடை தலைகீழாகிவிடுகிறது. இந்த ஒரு கணக்கை நான்கு தடவையாவது கையால் போட்டுப் பாருங்கள்.

அதே கணக்கைச் செவ்வாயின் கார்பன் டை ஆக்சைடுக்குப் போட்டபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. உச்சியில் சுமார் 200 கெல்வின் என்று வைத்தால் மூலக்கூறின் வேகம் நொடிக்கு 0.34 கி.மீ. விகிதம் 15க்குக் கொஞ்சம் குறைவு. அதாவது வெறும் வெப்பத்தால் அது தப்பவே முடியாது! அப்படியானால் வேறு வழி இருந்திருக்க வேண்டும். ஆக்சிஜன் மூலக்கூறு அயனி ஓர் எலெக்ட்ரானோடு சேரும்போது இரண்டு அணுக்களாக உடைந்து சிதறும். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் சுமார் 3.5 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கிடைக்கும். ஓர் ஆக்சிஜன் அணு செவ்வாயை விட்டு ஓட 2 எலெக்ட்ரான் வோல்ட் போதும். வெள்ளியை விட்டு ஓட 9 வேண்டும். அந்தச் சிவப்பு மை கேள்விக்குப் பாதி பதில் இதில் வந்துவிட்டது: இரண்டு கோளுக்கும் கவசம் இல்லை, ஆனால் ஒன்றின் மதில் குட்டை. கூடவே, சூரியக் காற்று இழுத்துத் திருப்பி அடிக்கும் அயனிகள் மேலடுக்கு அணுக்களை மோதித் தெறிக்க வைக்கும். இதற்கு ஆர்கான்தான் நல்ல சாட்சி. அது எதனோடும் வினைபுரியாது, பாறைக்குள் ஒளியாது, போனால் மேலேதான் போக வேண்டும். செவ்வாயைச் சுற்றிய மேவன் விண்கலத்தின் அளவீடுகளை வைத்து 2017இல் வந்த முடிவு, செவ்வாய் தன் ஆர்கானில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை இழந்துவிட்டது என்பது.

காந்தப்புலத்தை மூடி என்று எழுதாதீர்கள். பூமியின் துருவங்களில் விசைக்கோடுகள் வழியாக அயனிகள் இன்றும் வெளியேறிக்கொண்டுதான் இருக்கின்றன.

மீதிப் பாதி பதில் இருப்புப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளியின் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடும் பூமியின் சுண்ணாம்புப் பாறைகளில் பூட்டிக் கிடப்பதும் ஏறத்தாழ ஒரே அளவு. ஒருவர் பணம் முழுவதும் கையில், மற்றவர் பணம் வங்கி லாக்கரில். பூட்டும் வேலையைச் செய்வது தண்ணீர். மழைநீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு சிலிகேட் பாறையை அரிக்கிறது, கடலடியில் கார்பனேட்டாகப் படிகிறது, எரிமலை அதைத் திருப்பித் தருகிறது. சூடு கூடினால் அரிப்பு வேகமாகி வாயு குறையும். குளிர்ந்தால் அரிப்பு மந்தமாகி வாயு சேரும். வாக்கர், ஹேஸ், காஸ்டிங் மூவரும் 1981இல் சொன்ன இந்தச் சுழற்சியைப் படமாக வரையாமல் தேர்வு அறைக்குள் போகாதீர்கள்.

வெள்ளியில் அந்தத் தண்ணீர் போய்விட்டது. நீராவி உயரே ஏறி, புற ஊதாவில் உடைந்து, ஹைட்ரஜன் தப்பியது. ஹைட்ரஜனின் கனமான வகையான டியூட்டீரியம் பின்தங்கியது. 1978இல் போய்ச் சேர்ந்த பயனியர் வீனஸ் விண்கல அளவீட்டில் அங்கே ஹைட்ரஜனோடு ஒப்பிட்ட டியூட்டீரியத்தின் விகிதம் பூமியில் இருப்பதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். இதை எழுதும்போது, "சூரியனுக்கு அருகில் இருப்பதால் சூடு" என்ற வரியையும் தொடாதீர்கள். மேகங்கள் ஒளியின் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுவதால், இன்றைய வெள்ளி உறிஞ்சும் சூரிய ஆற்றல் சதுர மீட்டர் கணக்கில் பூமியைவிடக் குறைவு. உறிஞ்சிய ஆற்றலை மட்டும் வைத்துக் கணக்கிடும் சமநிலை வெப்பநிலை பூமிக்கு 255, வெள்ளிக்கு சுமார் 230 கெல்வின். தரையில் இருப்பது 288, 737. அந்த வித்தியாசம்தான் பசுமை இல்ல விளைவு.

வாழத் தகுந்த மண்டலம், அதாவது தண்ணீர் திரவமாக இருக்கக்கூடிய தூரம், பற்றிய கேள்வி நிச்சயம் வரும். தூரத்தை மட்டும் சொன்னால் பாதி மதிப்பெண். காற்றே இல்லாத நிலாவும் அந்த மண்டலத்தில்தான் இருக்கிறது என்று நான் ஒரு வரி சேர்த்தேன். டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனின் ஏழு கோள்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் 'பி' கோளில் தடித்த வளிமண்டலம் இருப்பதாகத் தெரியவில்லை என்று 2023இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் தரவு காட்டியது. அதற்கு மேல் நுழைய நேரமில்லை.

செமஸ்டர் தேர்வில் 75க்கு 61 வந்தது. போன 14இல் பெரும்பகுதி, பூமியின் காற்றில் ஆக்சிஜன் எப்படிச் சேர்ந்தது என்ற கேள்வி. உயிர் தானே செய்தது, அது உயிரியல், வராது என்று கடைசி இரவில் விட்டுவிட்டேன். பத்து மதிப்பெண்ணுக்கு வந்தது. 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்ற ஒரே எண்ணை எழுதிவிட்டு, பக்கத்தை நிரப்ப ஓசோன் படலத்தை வரைந்துவிட்டு வந்தேன்.