தொழில்: வீட்டுப்பணி

2021ஆம் ஆண்டு வங்கியில் ஒரு படிவம் நிரப்பத் தந்தார்கள். 'தொழில்' என்றிருந்த இடத்தில் 'வீட்டுப்பணி' என்று எழுதினேன். அன்று காலைதான் ஏழு பெண்களுக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். மறைக்க வேண்டும் என்று எழுதவில்லை. 'உரிமையாளர்' என்று எழுதினால்தான் அது பொய்யாகிவிடும் என்று மனம் சொன்னது. கையும் அப்படியே எழுதிவிட்டது.

2016இல் யாழ்ப்பாணத்து இணுவிலில், எங்கள் வீட்டுக் குசினியில்தான் கறித்தூள் செய்யத் தொடங்கினேன். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் தாச்சியில் தனித்தனியாக வறுத்து, மருதனார்மடத்தில் ஒரு மில்லில் அரைப்பித்து எடுப்போம். வெளிநாட்டிலிருந்து வந்து திரும்புகிறவர்கள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகக் கேட்பார்கள். மாதம் 15 கிலோ போனது. ஐந்து வருடத்தில் அது 600 கிலோ ஆனது. என் பயமும் அதே வேகத்தில் வளர்ந்தது. 15 கிலோவில் பிழை விட்டால் பக்கத்து வீட்டு அக்கா மன்னித்துவிடுவார். 600 கிலோவில் பிழை விட்டால் 'இவளுக்கு ஒன்றும் தெரியாது' என்று எல்லாருக்கும் வெளிச்சமாகிவிடும். அந்த நாளைத்தான் ஒவ்வொரு காலையும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் வேர் புரியும். படித்தால் டொக்டர், எஞ்சினியர். இல்லாவிட்டால் ஒரு அரசாங்க உத்தியோகம். நான் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படித்து, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுபோனவள். "கம்பஸ் கிடைக்கேல்லை, அதுதான் தூள் இடிக்கிறாள்" என்று மாமி ஒரு கலியாண வீட்டில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இன்னொரு பக்கம், ஊரில் யார் தலை நிமிர்ந்தாலும் 'வெளிநாட்டுக் காசு' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். கனடாவிலிருந்து அண்ணா இரண்டு லட்சம் அனுப்பியது உண்மை. 2018இல் அதை முழுதாகத் திருப்பிக் கொடுத்ததும் உண்மை. இரண்டாவதை ஊர் மறந்தது பரவாயில்லை, நானே மறந்திருந்தேன்.

2021 கடைசியில் கொழும்பில் ஒரு பெரிய சுப்பர்மார்க்கெட்டிலிருந்து கூப்பிட்டார்கள். இரவு பஸ்ஸில் போய் விடிய வெள்ளவத்தையில் இறங்கினேன். "மாதம் எவ்வளவு தருவீர்கள், கிலோவுக்கு அடக்க விலை என்ன?" என்று கேட்டார், கொள்வனவுக்குப் பொறுப்பானவர். "இது அம்மாவின்ர செய்முறை, நான் சும்மா பார்த்துக்கொள்ளுறன்" என்றேன். "அப்படியென்றால் அடுத்த முறை பொறுப்பானவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு கண் நித்திரை இல்லை.

அதற்குக் கொஞ்ச நாளில், பெண் தொழில் முயற்சியாளர்களுக்கான ஒரு பயிற்சியில் உளவளத்துணையாளர் ஒருவர் இம்போஸ்டர் சிண்ட்ரோம் பற்றி, அதாவது திறமை இருந்தும் 'நான் ஒரு போலி, ஒருநாள் பிடிபட்டுவிடுவேன்' என்று பயப்படுவது பற்றிக் கதைத்தார். 1978இல் போலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பற்றி முதலில் எழுதினார்களாம். பட்டமும் பதவியும் பெற்ற 150க்கு மேற்பட்ட பெண்களோடு வேலை செய்தபோது அவர்கள் கண்டது இதுதான்: கிடைத்த வெற்றியை அந்தப் பெண்கள் அதிர்ஷ்டம் என்றார்கள், அல்லது மற்றவர்கள் தங்களைத் தவறாக எடைபோட்டதால் வந்தது என்றார்கள். கலாநிதிப் பட்டம் எடுத்தவர்களுக்கும் இது இருந்தது என்று கேட்டபோது எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. கம்பஸ் கிடைத்திருந்தால் இந்தப் பயம் இருந்திருக்காது என்றல்லவா அத்தனை வருடமும் நம்பியிருந்தேன்!

நல்லது சொல்லப்படும்போது அதை எழுதி வைக்கவும், அதை எப்படித் தட்டிக் கழிக்கிறோம் என்பதையும் சேர்த்து எழுதவும் அந்த இரண்டு உளவியலாளர்களும் சொல்லியிருந்தார்களாம். நான் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். பாராட்டு எழுத எனக்குக் கூச்சமாக இருந்ததால், முடிவுகளை எழுதினேன். இன்று என்ன முடிவு எடுத்தேன், ஏன் எடுத்தேன், பிறகு என்ன நடந்தது. நான்கு மாதத்தில் 61 முடிவுகள். அவற்றில் 14 பிழை. பிழைகளைத்தான் கன நேரம் பார்த்தேன். அதிர்ஷ்டத்தில் ஓடுகிறவளுக்கு 47 தரம் சரி வராது என்பது பிறகுதான் உறைத்தது.

ஆனாலும் 'செய்முறை அம்மாவுடையது' என்ற முள் அப்படியே இருந்தது. ஒருநாள் அம்மாவைத் தராசுக்குப் பக்கத்தில் இருத்தி, "ஒரு பிடி பெருஞ்சீரகம் போடுங்கோ" என்றேன். போட்டார். 38 கிராம். இன்னொரு பிடி, 46. பதினொரு தரம் அள்ளுவித்தேன், ஒருமுறையும் ஒரே நிறை வரவில்லை. "என்ன பிள்ளை, என்ர கையைச் சோதிக்கிறியோ?" என்று சிரித்தார். அந்தப் பிடியைக் கிராமாக்கி, எந்தச் சரக்கை எவ்வளவு நேரம் வறுப்பது, மல்லி எந்த நிறத்தில் இறங்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதி, ஏழு பேர் செய்தாலும் ஒரே ருசி வரும்படி பழக்கியது யார்? அம்மாவிடமே கேட்டேன். "அது நீதானே. எனக்கு அப்படி ஆக்களை வைச்சுச் செய்யத் தெரியாது" என்றார். ருசி அம்மாவினது. தொழில் என்னுடையது.

இதிலே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. என் சந்தேகம் எல்லாமே வீணானதில்லை. அடக்க விலை எனக்கு உண்மையாகவே தெரியாது. விறகு, மில் கூலி, பை, பஸ் பார்சல் செலவு எதையும் சேர்க்காமல், பக்கத்துக் கடை விலையைப் பார்த்து என் விலையைப் போட்டுக்கொண்டிருந்தேன். 'உனக்குத் தகுதி இல்லை' என்ற குரலும் 'உனக்குக் கணக்குத் தெரியாது' என்ற குரலும் ஒரே மாதிரித்தான் கேட்கும். முதலாவதோடு வாதாடிப் பயனில்லை. இரண்டாவதற்குப் படிக்கலாம். கோண்டாவிலில் ஓய்வுபெற்ற கணக்காளர் ஐயா ஒருவரிடம் ஆறு மாதம் சனிக்கிழமைகளில் போனேன். ஊழியர் சேமலாப நிதிக்கு வேலை செய்கிறவர்களின் சம்பளத்தில் 8 வீதம், என் பங்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு நான் கட்டுவது 3 வீதம் என்று ஒவ்வொன்றாய் எழுதிக் காட்டினார். முதல் மாதம் அந்தக் காசைக் கட்டிவிட்டு வெளியே வந்தபோது, நான் முதலாளி என்பதை அந்தப் பற்றுச்சீட்டு சொன்ன மாதிரி வேறு யாரும் சொன்னதில்லை.

2022இல் எல்லாம் ஆட்டம் கண்டது. பங்குனி முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம்கூட மின்சாரம் நின்றது. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 360ஐத் தாண்டியது. செத்தல் விலை கைக்குள் நிற்கவில்லை. செத்தலைக் குறைத்து மல்லியைக் கூட்டச் சொன்னார்கள் சிலர். நான் 250 கிராம் பையை நிறுத்தி, 100 கிராம் பை போட்டேன். மின்சாரம் வருகிற நேரத்துக்கு மில், மற்ற நேரம் விறகு அடுப்பில் வறுவல். பயத்தோடுதான் செய்தேன். ஆனால் யாரிடமும் அனுமதி கேட்காமல் செய்தேன்.

2023இல் அதே கொழும்பு அலுவலகத்துக்குத் தனியாகப் போனேன். உள்ளங்கை வியர்த்தது. அடக்க விலைத் தாளை மேசையில் வைத்தேன். 90 நாள் கடனுக்குக் கேட்டார்கள். "அவ்வளவு நாள் தாங்க மாட்டேன், என்னிடம் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள்" என்றேன். 45 நாளில் முடிந்தது.

இப்போது இரண்டாவது கொப்பி. முந்தாநாள் எழுதியது: 'வறுக்கிற மெசின், வங்கிக் கடனில் வாங்குவதா? புதுச் செத்தல் விலை பார்த்து, பங்குனிக்குள் முடிவு.'