கடைசிக் குழியில் ஒரு மீன்

ஒரு கோடை சீசன் முழுக்க அலாஸ்காவில் ஒரு மரபணு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். பிரிஸ்டல் விரிகுடாவில் க்விசாக், நக்னெக், எகெகிக், நுஷாகாக் என்று பல ஆறுகள் வந்து சேர்கின்றன. சாக்கை சால்மன் என்ற மீன் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். ஆனால் கடலில் எல்லா ஆற்று மீனும் கலந்தே வரும். போர்ட் மோலர் பக்கம் மாதிரிக்காக மீன் பிடிக்கும் சோதனைப் படகைத் தாண்டிய மீன் விரிகுடாவின் உள்பகுதிக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம். அதற்குள் எந்த ஆற்று மீன் எவ்வளவு என்று நாங்கள் சொல்லிவிட வேண்டும்.

மாதிரி என்பது இடுப்புத் துடுப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன சதைமுனைதான். எத்தனாலில் ஊறி விறைத்துப்போய் வரும்.

'இது க்விசாக் மரபணு' என்று ஒன்று இருக்கும் என நினைத்துத்தான் போனேன். அப்படி எதுவும் கிடையாது. டிஎன்ஏவில் ஓர் இடத்தில் ஓர் எழுத்து இரண்டு விதமாக இருக்கலாம். ஒரு விதம் ஓர் ஆற்றில் 70 சதவீதம், பக்கத்து ஆற்றில் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இப்படிப் பல இடங்களைச் சேர்த்து, ஒவ்வோர் ஆற்றுக்கும் முன்பே எடுத்து வைத்த அட்டவணையோடு ஒப்பிட்டால்தான் கலவையின் விகிதம் தெரியவரும். தனி மீனைவிடக் கூட்டத்தைப் பற்றித்தான் தைரியமாகப் பேச முடியும்.

சரி, நான் சொதப்பிய கதைக்கு வருகிறேன். மாதிரிகளின் டிஎன்ஏவை வைக்கும் தட்டைத்தான் பிளேட் என்போம். அதில் 96 குழி, குழிக்கு ஒரு மீன். இடது பாதியில் ஒரு நாள் மீன், வலது பாதியில் மறுநாள் மீன், கடைசிக் குழி வேண்டுமென்றே காலி. முடிவு வந்தபோது அந்தக் காலிக் குழியில் ஒரு மீன் இருந்தது! முதல் குழியில் ஒன்றுமே இல்லை. திசை தெரிவதற்காகவே பிளேட்டின் ஒரு மூலையை வெட்டியிருப்பார்கள். அதைப் பார்க்காமல் முன்பக்கம் பின்பக்கமாக அரைவட்டம் திருப்பி வைத்திருக்கிறேன். டிஎன்ஏ எல்லாம் சரி, நாள் மட்டும் இடம் மாறிவிட்டது. எந்தக் கூட்டம் முன்னால் வருகிறது என்பதே கேள்வியாக இருக்கும்போது, அது சின்னத் தவறில்லை.

கணினியில் வரிசையைத் திருப்பினால் போதுமே என்றேன். மேற்பார்வையாளர் சம்மதிக்கவில்லை. மாதிரிக் குப்பிகளிலிருந்து எட்டு மீனை மறுபடி சோதித்துக் காட்டச் சொன்னார். ராத்திரி பதினொரு மணிக்கு, வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, திருப்பிய வரிசையோடு எட்டும் பொருந்தின. அப்புறம்தான் அறிக்கை போனது.